அறுபத்து மூன்று வளைவுகளும் அவித்த முட்டையும்

எங்கள் தேனடுக்கு மலைக்கு ஏறும் பாதையில் அறுபத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பதும், அந்தப் பாதையில் ஒரே ஒரு பஸ்தான் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது என்பதும், அதன் கடைசி சீட்டில் மடியில் எவர்சில்வர் வாளியோடு உட்கார்ந்து மயிலாத்தாள் பத்தொன்பது வருஷமாக அடிவாரத்திலிருந்து அவித்த முட்டை கொண்டுவருகிறாள் என்பதும் தெரிந்தவர்களுக்கு மற்றதைச் சொல்ல அரைமணி நேரம் போதும். தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது, ஆகவே ஆரம்பிக்கலாம்.

வளைவுகளுக்கு எண் பலகை நட்டவர்கள் அறுபத்திரண்டு என்றுதான் எழுதிவிட்டுப் போனார்கள். கோயில் வாசலில் வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி நிற்கும் இடமும் வளைவுதான், அங்கே இறங்கித் தள்ளாடாத ஆளை நாங்கள் பார்த்ததில்லை என்பதால், தகரத்தில் நாங்களே எழுதி அறுபத்து மூன்றாவதை நட்டுக்கொண்டோம். நாயன்மார் எண்ணிக்கை வந்துவிட்டது என்று ஊரில் சிலருக்குப் பெருமை வேறு.

அவித்த முட்டை பச்சையானது ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள். பழைய வண்டியைக் கழித்துவிட்டு டிப்போவில் நீளமான வண்டி ஒன்றைக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதன் வால் பின்சக்கரத்தைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீண்டிருந்ததால், முன்னால் இருப்பவர்கள் வளைவு முடிந்து அடுத்த வம்பை ஆரம்பித்த பிறகும் கடைசி சீட்டுக்காரர்கள் பள்ளத்தாக்கின் மேலே வீசப்பட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். அன்றைக்குச் சந்தையில் மிளகுக்காரன் சடையன் வழக்கம்போல முதல் முட்டையை வாங்கி, வழக்கம்போல நெற்றியில் தட்டி உடைத்தான். வெள்ளைக்கரு புருவத்தில் வழிந்து, மஞ்சள்கரு மீசையில் தங்கியது. அவன் அதைத் துடைக்காமல் மயிலாத்தாளைப் பார்த்தான், மயிலாத்தாள் வாளியைப் பார்த்தாள், நாங்கள் எல்லோரும் சடையனைப் பார்த்தோம், பார்த்து நன்றாகச் சிரித்தோம். நூறு முட்டையும் பச்சை.

நாங்கள் நல்லவர்கள்தான், ஆனால் முதலில் கெட்டதைத்தான் நினைப்போம். விறகை மிச்சம் பிடிக்கிறாள் என்றோம். மயிலாத்தாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஊரே அடிவாரத்துக்கு வந்து தன் அடுப்பைப் பார்க்கட்டும் என்றாள். பஞ்சாயத்துத் தலைவர் குப்பண்ணன் போனார். அவர் வெள்ளை வேட்டியை வெளுப்புக் குறையாமல் வைத்திருப்பதையே பொதுச்சேவையாகச் செய்துவந்தவர். முட்டை கொதிப்பதை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார், ஒன்றைத் தானே எடுத்தார், தானே உரித்தார், உரித்த முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இருபதாவது வளைவு வரை கல்லுப் போல இருக்கிறது என்று சத்தமாக அறிவித்தார். முப்பத்தைந்தில், கொஞ்சம் நெளிகிறது என்றார். ஐம்பத்தொன்பதில் இரண்டு கையையும் சேர்த்துக் குழி ஆக்கிக்கொண்டார். அறுபத்து மூன்றில் விரல் இடுக்கெல்லாம் வழிந்து அந்த வேட்டியின் ஆயுள் முடிந்தது. வண்டியை விட்டு இறங்கி, ஊரைப் பார்த்து, மயிலாத்தாள் மேல் குற்றமில்லை, குற்றம் வளைவு மேல்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

அதோடு அதிசயம் முடிந்து, பிழைப்பு ஆரம்பித்தது. மயிலாத்தாள் மேலேயும் ஓர் அடுப்பு போட்டுக்கொண்டாள். இரண்டு தடவை அவித்த முட்டைக்குத்தான் ருசி என்று நாங்களே பேசி நாங்களே நம்பினோம். தயிர்த் தூக்கோடு கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்கள் பாலோடு இறங்கினார்கள். டவுனில் கோழி பிரியாணி வாங்கி மடியில் வைத்து ஏறிய கண்டக்டர், வெந்த சோற்றுக்கு நடுவில் பச்சைக் கறியைக் கண்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தார். பார்லரில் அரை நாள் உட்கார்ந்து முடியை நீவி நீட்டிக்கொண்டு வந்த கல்யாணப் பெண் ஒருத்தி கடைசி சீட் தவிர வேறு இடமில்லாமல் உட்கார்ந்து, கோயில் வாசலில் தன் பழைய சுருட்டை முடியோடு இறங்கி அழுதாள். மாப்பிள்ளை இந்த முடியைப் பார்த்துத்தானே சம்மதித்தேன் என்று சொன்ன பிறகு அழுகையை நிறுத்தினாள். இறங்கும் வழியில் ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் இறக்கம் முழுக்கப் பிரேக்கில் போகும் வண்டிக்கு வால் வீச்சு கிடையாது. ஏறும்போது மட்டும்தான். அதுவும் செங்கோட்டுவேல் ஓட்டினால் மட்டும்தான்.

செங்கோட்டுவேல் எங்கள் டிரைவர். ஐம்பத்து நான்கு வயது, தோள் இரண்டும் அகலம், பேச்சு குறைவு. மற்ற டிரைவர்கள் வளைவில் கொஞ்சம் ஒடித்து, நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்து ஏறுவார்கள். இவர் ஸ்டீரிங்கை ஒரே இழுப்பாக இழுப்பார், வண்டி நுனி திரும்பி முடிக்கும் நேரம் பார்த்து ஒரே விடுதலாக விடுவார். சக்கரம் தானாகச் சுழன்று நேராகும், வால் வீசி வந்து சேரும். இழுத்து விடுவது, இழுத்து விடுவது, அறுபத்து மூன்று தடவை, நடுவில் நிறுத்தமே இல்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு லீவு எடுத்த நாலு நாளும் திருமூர்த்தி என்ற சமவெளி டிரைவர் வந்தார். நாலு நாளும் முட்டை அவிந்தபடியே வந்தது. அப்போதுதான் எங்களுக்கு எங்கள் ஆளின் அருமை தெரிந்தது. அந்த வருஷத் திருவிழாவுக்கு ஊர் சேர்ந்து அவருக்கு ஒரு பரிசு கொடுத்தோம்: சுருள்கம்பி வைத்து, தேங்காய் நார் திணித்து, இடுப்புக்கு வாரும் போட்ட ஒரு டிரைவர் சீட். எங்களையெல்லாம் குலுக்கும் மனுஷன் தான் மட்டும் குலுங்காமல் உட்காரட்டும் என்று ஆசையாகச் செய்தோம். அதைப் போலத் தப்பான காரியம் எங்கள் மலையில் நடந்ததில்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் அவர் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களாகக் கண்டுபிடித்தோம், எப்படியென்றால், சந்தையில் தூக்கிக் கட்டியிருந்த ஒரு பலாப்பழத்தைப் பார்த்து அவர் கும்பிட்டு, நல்லா இருக்கீங்களா தலைவரே என்று கேட்டார். குப்பண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து செங்கோட்டுவேலைப் பார்க்கும் போதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு வரும், அதற்குப் பின்னாலேயே பயம் வரும். ஆஸ்பத்திரியில் புரையை எடுத்துவிடலாம், அது தெரியாத முட்டாள்கள் இல்லை நாங்கள். ஆனால் கண் அறுத்துக்கொண்டவருக்கு மலை வண்டி கிடையாது என்று அவர்கள் டிப்போவில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கீழே உட்கார்ந்து டயர் எண்ணிக்கொண்டு அந்த மனுஷன் ஒரு மாசம் உயிரோடு இருக்கமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ஆகவே அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேட்காமல் என்ன செய்தோம் என்றால், பேசினோம். முன் சீட்டு மூன்றிலும் வாய் நீளமானவர்களை முறை வைத்து உட்கார வைத்தோம். அவர்கள் வேலை, கண்ணில் படுவதையெல்லாம் ஒருவருக்கொருவர் கதை போலச் சொல்லிக்கொள்வது. அதோ பாருங்க அக்கா, பதினேழாவது வளைவுல பொன்னான் மாடு படுத்திருக்குது, இடது பக்கமா. ஏனுங்க, எதிர்ல லாரி வருது, செங்கல் லாரி, நல்ல பெரிய லாரி. மழைக்கு நடு ரோட்டுல ஒரு கல்லு உருண்டு கெடக்குது, எனக்குப் பயமா இருக்குது. ஒருவர் சொல்ல, அடுத்தவர் எந்தப் பக்கம் என்று கேட்க, மூன்றாமவர் எத்தனை அடியில் என்று சொல்ல, செங்கோட்டுவேல் தலையைத் திருப்பாமல் இழுத்து விட்டு இழுத்து விட்டு ஏறுவார். இரண்டு வருஷம் ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபடவில்லை. மலை முழுக்க இருந்த மாடுகளுக்குப் பெயர் வைத்ததே அந்தக் காலத்தில்தான், அப்போதுதான் சட்டென்று சொல்ல முடியும். ஒரு நாள் அவர் டீ குடிக்கும்போது மயிலாத்தாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"மயிலா, இந்த மலைக்காரங்களுக்கு வாயி வலிக்கவே வலிக்காதா?"

"வலிக்குமுங்ணா," என்றாள் அவள். "வெத்தலையப் போட்டுக்குவாங்க."

இப்படியே காலம் தள்ளியிருப்போம். ஆனால் அந்த மாசி மாசம் டிப்போவிலிருந்து ஒரு காகிதம் வந்தது: மலை டிரைவர்கள் எல்லோருக்கும் இருபது நாள் கழித்துத் திங்கட்கிழமை கண் பரிசோதனை. சுவரில் எழுத்துப் பலகை, ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்க வேண்டும், ஜன்னல் இல்லாத அறை. ஜன்னல் இல்லையா என்று இரண்டு ஆளை அனுப்பி விசாரித்தோம், இல்லைதான். கூரையில் ஏறி எழுத்தைச் சொல்லலாமா என்றுகூட ஒருவர் கேட்டார், அவரை யாரும் திட்டவில்லை. செங்கோட்டுவேல் காகிதத்தை மூக்கில் ஒட்டிப் படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மாலை அவர் ஓட்டியதைப் போல யாரும் ஓட்டியிருக்க முடியாது. ஒவ்வொரு வளைவையும் கையால் தொட்டு விடைபெறுவது போல ஓட்டினார்.

அந்த வாரம்தான் பேராசிரியை ரெஜினா வந்தார். சமவெளியில் ஒரு கல்லூரியில் புரதத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். முட்டை விஷயம் அவர் காதுக்குப் போய், நம்பாமல், சண்டை போடுவதற்கென்றே வந்தார். பதினாலாவது வளைவில் வாந்தி எடுத்தார். நாற்பதில் மறுபடி எடுத்தார். அறுபத்து மூன்றில் கையிலிருந்த உரித்த முட்டை ஒழுகியபோது, வெளிறிய முகத்தோடு கைதட்டிச் சிரித்தார். பிறகு கோயில் படியில் உட்கார்ந்து, எலுமிச்சையை முகர்ந்துகொண்டே எங்களுக்கு விளக்கினார். வெள்ளைக்கரு என்பது கண்ணுக்குத் தெரியாத கோடி நூல்களாம். ஒவ்வொரு நூலும் தனக்கென்று ஒரு மடிப்பு வைத்துக்கொண்டு மடிந்திருக்கும், அந்த மடிப்பில் இருந்தால்தான் தன் வேலையைச் செய்யும். சூடு பட்டால் மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அதைத்தான் நாம் வெந்துவிட்டது என்கிறோம். சிக்கினதைச் சரியான வேகத்தில் இழுத்து, சரியான நேரத்தில் விட்டால், நூல் தன் பழைய மடிப்புக்குத் தானே போய்விடும்; கூடுதலாக இழுத்தால் அறுந்துவிடும், விடாமல் பிடித்திருந்தால் மடியாது. அவருடைய ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயைச் சுழற்றி இதைத் துளித் துளியாகச் செய்வார்களாம். நம் தசை இறுகுவது, காது கேட்பதுகூட இப்படி நூல் இழுபடுவதால்தான் என்றார், உடனே சடையன் தன் காதை இழுத்துப் பார்த்துக்கொண்டான். ஈரச் சேலையைச் சிக்கெடுத்து உதறி விடுவது மாதிரிதானுங்களே என்று மயிலாத்தாள் கேட்டாள். பேராசிரியை, அதுவேதான் என்றார்.

அப்புறம், எழுந்து போகும்போது, யாரோ கேட்டதற்குப் பதிலாக, கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடிகூடப் புரதம்தான், அது சிக்கிக் கட்டியாவதுதான் புரை என்று சொன்னார். டயரைத் தட்டிக்கொண்டிருந்த செங்கோட்டுவேலின் கை நின்றது. நான் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை என்று பேராசிரியை அவசரமாகச் சேர்த்தார், ஆனால் அதைக் கேட்க அங்கே யாரும் மனதளவில் இல்லை.

மறுநாளே சடையன் தன் கிடாவை, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்ததை, அடிவாரத்துக்கு நடத்திக் கூட்டிப்போய்க் கடைசி சீட்டில் கட்டி ஏற்றிவந்தான். அது அறுபத்து மூன்றில் இறங்கி, இரண்டு கண்ணாலும் உலகத்தைப் பார்த்து, குறி தவறாமல் கண்டக்டரை முட்டியது. நாங்கள் கண்டக்டரைத் தூக்கி விடாமல் கிடாவைத் தூக்கிக்கொண்டு ஆடினோம்.

ஆடி முடித்த பிறகுதான் புத்தி வந்தது. மூன்று வருஷமாக ஊரில் உள்ள தயிர், பிரியாணி, கிடா எல்லாவற்றையும் குலுக்கித் தெளிய வைத்த மனுஷன், நாங்கள் கொடுத்த சுருள்கம்பி சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெட்கத்தோடு அந்தச் சீட்டை இரவல் கேட்பது போலக் கழற்றி எடுத்துவிட்டுப் பலகை போட்டோம். ஒரு வாரம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததுதான் மிச்சம். ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவனை வண்டி வீசாது. அவனைச் சுற்றித்தான் மற்றவர்களை வீசும். அவர் கண் தெளிய வேண்டுமென்றால் அவர் கடைசி சீட்டில் உட்கார வேண்டும். அவர் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் அவரைப் போல ஓட்ட ஆளில்லை. இதை யோசித்து யோசித்து எங்களில் பாதிப் பேருக்கு வண்டி ஏறாமலே தலை சுற்றியது.

மயிலாத்தாளுக்குச் சுற்றவில்லை. அவள் நேராக டீக்கடைக்குப் போய் அவர் எதிரில் நின்றாள்.

"அண்ணா, எனக்கு இடுப்பு செரியில்லீங். வர்ற வெசாழக்கெழமை ஒரு நாளைக்கு எஞ் சீட்டுல உக்காந்து வாளியப் புடிச்சுக்கறீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வண்டிய யாரு ஓட்டறது?"

"அந்தத் திருமூர்த்தி ஓட்டட்டுங்."

"அவன் முட்டைய ஒடச்சுருவானே."

"நாஞ் சொல்லிக் குடுக்கறனுங்ணா. நீங்க எப்ப இழுப்பீங்க, எப்ப விடுவீங்கன்னு எம் மடிக்குத் தெரியும்."

அவர் அவள் இருக்கும் திசையைப் பார்த்தார். அவள் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு, உன் இடுப்புக்காகத்தான் என்று சொன்னார், அவளும் ஆமாமென்றாள்.

செங்கோட்டுவேல் காய்ச்சல் என்று நாலு நாள் லீவு எழுதிக் கொடுக்க, திருமூர்த்தி வந்து சேர்ந்தார். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், வண்டி எடுக்கும் முன் சாமியை வரிசையாகக் கும்பிட்டே கால் மணி நேரம் ஆக்குபவர். மயிலாத்தாள் வாளியோடு அவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியில் சாய்ந்து நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் எந்த வளைவில் எந்தத் தொடைக்கு முட்டை உருளும் என்பது அவளுக்கு உடம்பில் ஏறியிருந்தது. முட்டை இன்னும் வரல, விடாதீங்க, விடாதீங்க, இப்ப எடத் தொடைக்கு வந்துருச்சு, விடுங்க என்பாள். திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு விடுவார், கண்ணைத் திறங்க என்று அதையும் அவள் சொல்லுவாள். முன் சீட்டுக்காரர்கள் பழக்கத்தில் மாடு, லாரி, கல் என்று ஆரம்பிக்க, மனுஷன் முதல் நாளே கடுப்பாகி, எனக்குக் கண்ணு நல்லாத்தாங்க தெரியுது, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்க என்று கத்தினார். மூடிக்கொண்டோம். முதல் நாள் கடைசி சீட்டில் வைத்திருந்த வாளியில் முட்டை எல்லாம் கல். இரண்டாம் நாள் ஒன்று நெளிந்தது. மூன்றாம் நாள் நூற்றில் எழுபது பச்சை. திருமூர்த்தி இறங்கி, ஒரு முட்டையை உடைத்துப் பார்த்து, அது வழிந்ததும் மயிலாத்தாளின் காலில் விழப் போனார், அவள் நகர்ந்துகொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. திங்கட்கிழமைக்கு நாலே நாள். முந்தின நாளே மலையிறங்கி வந்து, காலையில் அடிவாரத்தில் வண்டியில் ஏறியவர்கள் அறுபது பேர், சந்தைக்கு என்று பெயர், கையில் பையே இல்லாதவர்கள்தான் பாதி. செங்கோட்டுவேல் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கடைசி சீட்டில் நடுவில் உட்கார்ந்து வாளியை மடியில் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் குப்பண்ணன், தெரிந்தே பழைய வேட்டியில். மயிலாத்தாள் இன்னொரு வாளியோடு முன்னால் நின்றாள். திருமூர்த்தி எல்லாச் சாமியையும் கும்பிட்டு, கடைசியில் எங்களையும் ஒரு தடவை கும்பிட்டு, வண்டியை எடுத்தார்.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு, இழுத்து விட்டு, இழுத்து விட்டு, வால் வீசி வீசித் திரும்ப, செங்கோட்டுவேலின் தலை ஜன்னலுக்கும் குப்பண்ணன் தோளுக்குமாகப் போய்வர, வாளிக்குள் நூறு முட்டையும் கடகடவென்று சிரிக்க, பள்ளத்தாக்கு ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமுமாக எங்கள் மேல் எட்டிப் பார்க்க, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் ஏறினோம். மயிலாத்தாளின் குரல் மட்டும் கேட்டது: விடாதீங்க, விடாதீங்க, விடுங்க. பதினேழாவது வளைவில் பொன்னான் மாடு படுத்திருந்தது, யாரும் சொல்லவில்லை. இருபத்தாறில் லாரி வந்தது, யாரும் சொல்லவில்லை. முப்பதாவது வளைவு தாண்டியதும் செங்கோட்டுவேல் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஏனுங் தலைவரே, இன்னிக்கு ஏன் ஒருத்தரும் பேசறதில்ல?"

குப்பண்ணன் பொய் சொல்லத் தெரிந்தவர்தான், தேர்தலில் நின்றவர். ஆனால் முப்பது வளைவு குலுங்கினதில் பொய்யெல்லாம் வயிற்றின் அடியில் போயிருக்க வேண்டும். "அவருக்குத்தான் கண்ணு தெரியுமுங்களே," என்றார்.

சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்தினார். அறுபது பேரும் அதைக் கேட்டோம். வண்டி நின்றிருந்தால் ஓடி ஒளிந்திருப்போம், நிற்க முடியாதே. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, செங்கோட்டுவேல் வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். இரண்டு வருஷமாகக் கேட்ட ஒவ்வொரு மாட்டையும், ஒவ்வொரு லாரியையும், வெற்றிலை போட்ட ஒவ்வொரு வாயையும் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்பது எங்களுக்கு முதுகிலேயே தெரிந்தது. நாற்பதாவது வளைவில் அவர் அழ ஆரம்பித்தார். குலுக்கலில் கண்ணீர் நேராக வழியாமல் காதுக்கும் நெற்றிக்கும் தெறித்தது, குப்பண்ணனின் கன்னத்திலும் பட்டது, அவரும் அழுதார், பிறகு யார் யார் அழுதோம் என்று கணக்கில்லை. விடாதீங்க, விடாதீங்க என்று சொல்லும்போது மயிலாத்தாளின் குரலும் உடைந்திருந்தது, ஆனால் ஒரு வளைவில்கூட அவள் நேரம் தப்பவில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. கோயில் வாசலில் வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது.

திங்கட்கிழமை அவர் அந்த எழுத்துப் பலகையில் இருந்த எல்லா வரியையும் இரண்டு கண்ணாலும் படித்து, பலகையின் ஓரத்தில் கடுகளவில் இருந்த அச்சகத்தின் பெயரையும் முகவரியையும் சேர்த்துப் படித்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வியாழக்கிழமை எங்களுக்கு அது தெரியாது. வண்டி நின்றது, ஒருவரும் எழவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? தெரியும் என்று காட்டிக்கொள்ளாத ஒன்றைப் பற்றி, போய்விட்டதா என்று எப்படி விசாரிப்பது?

செங்கோட்டுவேல் எழுந்தார். வாளியைக் குப்பண்ணன் மடியில் வைத்தார். கடைசி சீட்டிலிருந்து முன்னால் நடந்து வந்தார், ஒவ்வொரு சீட்டிலும் நின்று, ஒவ்வொரு முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். சடையனின் வழுக்கையை மட்டும் ஒரு தடவை தடவிப் பார்த்தார், அது அவருக்குப் புதிது. மயிலாத்தாள் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். அவளை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார். திருமூர்த்தி ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார், அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டு, தோளில் தட்டி நகர்த்தி, டிரைவர் சீட்டுப் பலகையில் உட்கார்ந்தார். மேலே இருந்த கண்ணாடியைத் திருப்பி, நாங்கள் எல்லோரும் அதில் தெரியும்படி வைத்தார்.

பிறகு, இரண்டு வருஷமாக நாங்கள் பேசிவந்த அதே குரலில், ஊர் முழுக்கக் கேட்கும்படி, சொன்னார்.

"எதிர்ல ஒண்ணுமில்லீங். இடது பக்கம் கோயில் நாயி படுத்திருக்குது, கறுப்பு நாயி. மரத்துல பலாப்பழம் தொங்குது, அது பலாப்பழந்தான். பின்னாடி அறுவது பேரு அழுதுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

அதைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சந்தைக்கு வந்தவர்கள் ஒருவரும் அன்றைக்கு மேலே வண்டியை விட்டு இறங்கவில்லை. அதே வண்டியில் அடிவாரம் வரை போய், அவர் வழியெல்லாம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் ஏறி வந்தோம்.